நிழல் சொல்லாத பொருள்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். நடுவே ஆனைமலை கிடக்கிறது. ஆனால் இரண்டு மாவட்டங்களின் கிழக்கு எல்லையிலும் ஒரே பழக்கம் உண்டு. உள்ளூர் வைத்தியம் போதாது என்றால் பலர் மலை இறங்கியோ கணவாய் கடந்தோ தமிழ்நாட்டுப் பக்கம் வருவார்கள். வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர், மீனாட்சிபுரத்திலிருந்து பொள்ளாச்சி, மறையூரிலிருந்து சின்னாறு வழியாக உடுமலை, குமுளியிலிருந்தும் போடிமெட்டிலிருந்தும் தேனி, அதற்கப்பால் மதுரை. இந்தத் தடங்களில் ஓடும் பஸ்களில் ஸ்கேன் கவரை மடக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கலாம். அந்தக் கவருக்குள் இருப்பதும், அதில் இல்லாமல் போனதும்தான் இந்தக் கட்டுரை.

சி.டி. ஸ்கேன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பு, வெள்ளை, நடுவே பல வகைச் சாம்பல் நிறங்கள் தெரியும். ஒவ்வொரு சாம்பலும் ஓர் எண். கருவியைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அந்த எண்ணை அழைக்கிறார்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. கொழுப்பு சுமார் −100இல் நிற்கும், தசை 50ஐ ஒட்டி இருக்கும். எலும்பு சில நூறுகளில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். எக்ஸ் கதிரை அந்த இடம் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு மேல் இந்த எண்ணுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

சிக்கலும் இங்கேதான். இதய ரத்தக்குழாயின் ஓரத்தில் 300 என்ற எண்ணோடு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. அது குழாய்ச் சுவரில் படிந்த கால்சியமா, ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றிய காண்ட்ராஸ்ட் மருந்தின் அயோடினா? எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடர்த்தி குறைந்த கால்சியமும் அடர்த்தி கூடிய அயோடினும் ஒரே சாம்பலில் வந்து உட்காரும். ரேடியாலஜிஸ்ட் இடத்தையும் வடிவத்தையும் அனுபவத்தையும் வைத்து முடிவு சொல்கிறார், பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். ஆனால் கருவி அளந்தது தடுப்பின் அளவைத்தான். தடுத்த பொருளின் பெயர் அந்த அளவில் இல்லை.

அந்தப் பெயரையும் வாங்கிவிடுவதுதான் நிறமாலை சி.டி. அதைப் புரிந்துகொள்ள, அந்த ஒற்றை எண்ணே எப்படிக் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கதையில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

கோ. நா. ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தார். பெங்களூரில் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பி, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அவரை அழைத்துவந்தவர் அன்றைய துணைவேந்தரும் மருத்துவருமான லட்சுமணசாமி முதலியார். சென்னையில் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பையும், இன்று உலகமெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் படிக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தையும் தந்தார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971 செப்டம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அவர் வெளியிட்ட ஐந்து பக்கக் கட்டுரையை அறிவியல் மாணவர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதே ஆண்டு இந்திய அறிவியல் கழக நடவடிக்கைகளில் வந்த இன்னொரு கட்டுரைக்கு ‘நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார் ராமச்சந்திரன்.

தற்செயலாக, 1971 அக்டோபர் 1 அன்றுதான் லண்டனில் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு ராமச்சந்திரனின் கட்டுரை தெரியாது, ராமச்சந்திரனுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி தெரியாது. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி, 80க்கு 80 கட்டங்கள் கொண்ட படத்துக்காகப் பல்லாயிரம் சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தீர்த்தது. அதைவிடச் சுருக்கமான வழியை ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் கட்டுரை காட்டியது.

கதிர் ஒரு கோட்டில் உடலைக் கடந்து மறுபக்கம் வரும்போது, அந்தக் கோட்டில் இருந்த எல்லாத் தடுப்புகளின் மொத்தம்தான் நமக்குத் தெரியும். எந்த இடம் எவ்வளவு தடுத்தது என்பது தெரியாது. பல கோணங்களிலிருந்து இப்படி அளந்து, ஒவ்வோர் அளவையும் அது வந்த கோட்டின் மேலேயே திரும்பப் பரப்பினால் ஒரு படம் எழும். ஆனால் கலங்கிய படமாக இருக்கும். ஒரு சின்னப் புள்ளியைச் சுற்றி எல்லாத் திசையிலும் மங்கல் படரும். அந்த மங்கலை நீக்க, பரப்புவதற்கு முன்பே ஒவ்வோர் அளவிலிருந்தும் அதன் அண்டை அளவுகளில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். எவ்வளவு கழிப்பது?

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் தந்த விடை அழகானது. உங்கள் அளவுக்கு 100 மதிப்பெண் என்றால், இரு பக்கத்து அண்டை அளவுகளிலும் 40.5 பங்கைக் கழியுங்கள். அதற்கடுத்ததைத் தொடாதீர்கள், பூஜ்யம். மூன்றாவதில் 4.5. நான்காவது பூஜ்யம். ஐந்தாவதில் 1.6. இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறைந்துகொண்டே போகும். இரு பக்கமும் முடிவில்லாமல் கழித்துக்கொண்டே போய் எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 100 வரும். வெறும் பெருக்கலும் கூட்டலும்தான். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் டி ரோசியரும் க்ளக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்காகச் செய்த முறைக்கு ஃபூரியர் மாற்றம் தேவைப்பட்டது, அன்றைய கணினிக்கு அது பெரிய சுமை. இந்தக் கழித்தல் பட்டியலை உலகெங்கும் ராம்-லக் வடிகட்டி என்று அழைக்கிறார்கள். எந்தச் சி.டி. பாடநூலைத் திறந்தாலும் அந்த இரண்டு தமிழ்ப் பெயர்களின் சுருக்கம் இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இதே வகைக் கணக்கை 1967இல் பிரேஸ்வெல்லும் ரிடிலும் வானொலித் தொலைநோக்கிகளுக்காகச் செய்திருந்தார்கள். ‘எல்லாம் நம்மவர்தான்’ என்ற மார்தட்டல் அறிவியல் வரலாற்றில் எடுபடாது. ஆனால் எக்ஸ் கதிர்ப் படத்துக்கு அந்த வழியைத் தெளிவாகக் கொண்டுவந்தது நம்மவர் கட்டுரைதான். லட்சுமிநாராயணன் பிறகு அமெரிக்காவில் பஃபலோ நகருக்குப் போய், விசிறிபோல் விரியும் கதிர்களுக்கும் இந்தக் கணக்கை 1975இல் எழுதிக் கொடுத்தார். பின்னால் வந்த வேகமான ஸ்கேனர்களில் கதிர் விசிறியாகத்தான் விரிந்தது.

ஆக 1971லேயே ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணை ஆக்குவது எது என்று பார்ப்போம்.

மருத்துவ ஸ்கேனரின் எக்ஸ் கதிர் உடலில் முக்கியமாக இரண்டு வழிகளில் அழிகிறது. ஒன்று ஒளிமின் விளைவு. இதில் கதிரின் துகளான போட்டானை அணு முழுதாக விழுங்கிவிடும். மற்றது காம்ப்டன் சிதறல். இதில் போட்டான் எலக்ட்ரானில் மோதித் திசை மாறிப் போய்விடும். சிதறலுக்குப் பொருளின் பெயரில் அக்கறை இல்லை, எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பதே அதற்குக் கணக்கு. ஒளிமின் விளைவோ அணு எண்ணை உற்றுப் பார்க்கும். ஏறக்குறைய அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்ப அது ஏறும், ஆற்றலின் மும்மடிக்கு ஏற்ப இறங்கும். ஆக்சிஜனின் அணு எண் 8, கால்சியத்துக்கு 20, அயோடினுக்கு 53. ஆற்றல் குறைந்த கதிரில் அயோடின் ஆர்ப்பாட்டமாகத் தெரியும், ஆற்றல் கூடிய கதிரில் அடங்கிவிடும். 140 கிலோவோல்ட்டில் எடுத்த படத்தைவிட 80 கிலோவோல்ட்டில் அயோடினின் எண் சுமார் இரு மடங்காகும். கால்சியம் ஒன்றரை மடங்கை ஒட்டி நிற்கும். தசை அதிகம் அசையாது.

ஒவ்வொரு புள்ளியின் எண்ணும் இந்த இரண்டு விளைவுகளின் கூட்டு. கூட்டுத்தொகை ஒன்றுதான் கையில் இருக்கிறது, உள்ளே இருப்பது இரண்டு. ஒரு சமன்பாட்டிலிருந்து இரண்டு விடை எடுக்க முடியாது.

இதை எல்லைப்புறத்துக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புற்றடியிலும் ஏலக்காய் ஏலத்துக்கு வரும்போது வியாபாரிகள் பார்க்கும் விஷயங்களில் ஒன்று லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் என்பது. மிளகுக்கும் அந்தக் கணக்கு உண்டு. மிளகு லிட்டருக்கு 550 கிராம், ஏலக்காய் 430 கிராம் என்று வைத்துக்கொள்வோம். யாரோ இரண்டையும் ஒரே மூட்டையில் கொட்டிவிட்டார்கள். எடை 49 கிலோ. இதை மட்டும் வைத்துக்கொண்டு மிளகு எவ்வளவு, ஏலம் எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. மூட்டை 100 லிட்டர் என்ற இன்னோர் அளவும் கிடைத்தால் கணக்கு திறந்துகொள்ளும். எல்லாமே ஏலக்காயாக இருந்தால் 43 கிலோ வந்திருக்க வேண்டும். 6 கிலோ கூடுதல். ஒரு லிட்டர் ஏலத்தை எடுத்துவிட்டு ஒரு லிட்டர் மிளகு வைத்தால் 120 கிராம் கூடும். 6,000 கிராமுக்கு 50 லிட்டர். ஆக மிளகு 50 லிட்டர், ஏலம் 50 லிட்டர். (மிளகு ஏலக்காயின் இடுக்குகளில் புகுந்து அளவு குறையும் என்று போடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கணக்குக்காக மன்னிக்கவும்.)

சி.டி.யில் அந்த இரண்டாவது அளவு இரண்டாவது ஆற்றல். இந்த யோசனை புதிதும் இல்லை. 1973இல் தன் கருவியை உலகுக்கு அறிவித்த கட்டுரையிலேயே ஹவுன்ஸ்ஃபீல்ட், 100 கிலோவோல்ட்டில் ஒன்று, 140இல் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தால் அணு எண் கூடிய பொருளைப் பிரித்துக் காட்டலாம் என்று எழுதிவிட்டார். 1976இல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்வரெஸும் மகோவ்ஸ்கியும் அதைக் கணிதமாக்கினார்கள். மருத்துவ ஆற்றல்களில், கனமான தனிமங்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், எந்தத் திசுவின் தடுப்பையும் இரண்டே அடிப்படைகளின் கலவையாக எழுதிவிடலாம் என்று காட்டினார்கள். அந்த இரண்டும் ஒளிமின், காம்ப்டன் என்று இருக்கலாம், தண்ணீர், அயோடின் என்றும் இருக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் ‘இத்தனை தண்ணீர், இத்தனை அயோடின்’ என்று இரண்டு எண்கள் கிடைக்கும். ஒரு சாம்பல் படத்துக்குப் பதில் தண்ணீர்ப் படம் ஒன்று, அயோடின் படம் ஒன்று. இவற்றைத்தான் பொருட்படங்கள் என்கிறார்கள்.

யோசனை 1970களில் வந்தும் மருத்துவமனைக்கு வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து எடுத்தால் நடுவில் நோயாளி மூச்சு விடுவார், குடல் அசையும், ஊசி மருந்து நகரும். 2006 வாக்கில் ஒரே வளையத்தில் இரண்டு எக்ஸ்ரே குழாய்களை வைத்த கருவி சந்தைக்கு வந்தது. சில நிறுவனங்கள் ஒரே குழாயின் மின்னழுத்தத்தை மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் 80க்கும் 140க்கும் மாற்றி மாற்றித் தட்டின. வேறொரு நிறுவனம் கதிரை அளக்கும் உணரியை இரண்டடுக்காகச் செய்தது. மேலடுக்கு பலவீனமான போட்டான்களைப் பிடிக்கும், கீழடுக்கு பலமானவற்றைப் பிடிக்கும்.

இனி மறுபடியும் மூட்டைக்கு வருவோம். பொருட்படம் உருவாக்குவதன் முழுத் தலைவலியும் அதற்குள்தான் இருக்கிறது. தராசு 600 கிராம் பிசகி 49.6 கிலோ காட்டியது என்று வையுங்கள். ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கணக்கைப் போட்டால் மிளகு 55 லிட்டர், ஏலம் 45 லிட்டர் என்று வரும். தராசில் ஒரு சதவீதம் பிசகினால் விடையில் பத்து சதவீதம் பிசகுகிறது. மிளகும் ஏலமும் லிட்டர் எடையில் இவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் காரணம். மிளகுக்குப் பதில் சைக்கிள் கடை இரும்புக் குண்டுகளாக இருந்தால் லிட்டர் நாலரை கிலோவைத் தாண்டும். அதே 600 கிராம் பிசகு கால் லிட்டரைக்கூட மாற்றாது.

இரண்டு ஆற்றல்களில் திசுக்களின் நடத்தையும் மிளகு, ஏலம் போல நெருக்கமானது. எக்ஸ் கதிர் போட்டான்கள் வந்து விழுவதே தாறுமாறானது. நோயாளிக்குக் கதிர்வீச்சைக் குறைவாகக் கொடுத்தால் போட்டான்கள் குறையும், அளவில் தாறுமாறு கூடும். அந்தச் சின்னத் தாறுமாறு பொருளாகப் பிரிக்கும்போது பல மடங்கு பெருகிவிடும். பச்சையாகப் பிரித்த பொருட்படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் நிறைந்திருக்கும், ஈரலின் விளிம்பே தெரியாது.

ஆனால் மூட்டைக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். மிளகு 5 லிட்டர் கூடியபோது ஏலம் அதே 5 லிட்டர் குறைந்தது, மொத்தம் 100தான். பொருட்படங்களிலும் அப்படியே. தண்ணீர்ப் படத்தில் ஒரு புள்ளி அநியாயமாக வெளுத்தால், அயோடின் படத்தில் அதே புள்ளி அநியாயமாகக் கறுக்கும். இரண்டு படத்தின் பிசகுகளும் எதிரெதிராகக் கைகோத்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு இரண்டையும் தகுந்த விகிதத்தில் கூட்டினால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். ‘ஒற்றை ஆற்றல்’ படம் என்று ஸ்கேன் அறிக்கைகளில் வருவது இப்படிக் கூட்டியதுதான். கருவி அந்த ஆற்றலில் படமே எடுத்திருக்காது, இரண்டு பொருட்படங்களிலிருந்து கணக்குப் போட்டு எழுப்பியிருக்கும்.

பொருட்படத்துக்குப் போகும் பாதைகள் மூன்று. முதலாவது சுலபமானது. இரண்டு ஆற்றலுக்கும் தனித்தனியே ராம்-லக் வகைக் கணக்கில் சாம்பல் படம் எழுப்பிவிட்டு, பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு சமன்பாடுகளைத் தீர்ப்பது. இதில் ஒரு கோளாறு உண்டு. 120 கிலோவோல்ட் குழாயிலிருந்து ஒரே ஆற்றல் வருவதில்லை, அதற்குட்பட்ட எல்லா ஆற்றலும் கலந்து வரும். உடலுக்குள் போகப்போகப் பலவீனமானவை முதலில் செத்துவிடும். மிச்சம் வரும் கதிர் கடுமையாகிவிடும். எலும்புக்குப் பின்னால் இருக்கும் தசை உள்ளதைவிட லேசாகத் தெரியும். 1971 கணக்கு ஒரே ஆற்றல் என்று நம்பிப் போட்டது. அந்தப் பொய் இரண்டு சாம்பல் படத்திலும் ஏறி, பொருட்படத்தில் இரட்டிப்பாக இறங்கும்.

இரண்டாவது பாதை, படம் எழுப்புவதற்கு முன்பே பிரித்துவிடுவது. ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு ஆற்றலின் அளவுகளை எடுத்து, ‘இந்தக் கோட்டில் மொத்தம் இத்தனை தண்ணீர், இத்தனை அயோடின்’ என்று முதலில் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் படம் எழுப்புவது. கதிரின் கலப்பை இங்கே ஒழுங்காகக் கணக்கில் சேர்க்க முடியும். ஆனால் இரண்டு ஆற்றலும் துல்லியமாக ஒரே கோட்டில் போயிருக்க வேண்டும். இரண்டடுக்கு உணரியில் அது தானாகவே அமைந்துவிடுகிறது. இரண்டு குழாய்கள் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கும் கருவியில் அமைவதில்லை.

மூன்றாவதுதான் இப்போது ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டுவது. சாம்பல் படம் என்ற இடைநிலையமே வேண்டாம், போட்டான் எண்ணிக்கையிலிருந்து நேராகப் பொருட்படத்துக்குப் போ என்பது. கணினி ஒரு தோராயமான தண்ணீர்ப் படத்தோடும் அயோடின் படத்தோடும் தொடங்கும். ‘உடல் இப்படியிருந்தால் உணரியில் எத்தனை போட்டான் விழுந்திருக்கும்’ என்று ஒவ்வோர் ஆற்றலுக்கும் கணக்கிடும். உண்மையில் விழுந்ததோடு ஒப்பிடும். வித்தியாசம் குறையும்படி இரண்டு படத்தையும் திருத்தும். மறுபடி, மறுபடி. நடுவே சில சட்டங்களையும் போடலாம். அயோடின் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, பக்கத்துப் புள்ளிகள் காரணமில்லாமல் துள்ளக் கூடாது, எல்லாப் பொருளின் பங்கும் கூடி ஒன்றாக வேண்டும். குறைந்த கதிர்வீச்சில் நல்ல படம் கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. விலை, கணினி நேரம். இன்னொரு விலை, ‘துள்ளக் கூடாது’ என்ற சட்டத்தை இறுக்கிப் பிடித்தால் நிஜமாகவே துள்ளிய சின்னக் கட்டியும் வழவழப்பில் கரைந்துவிடும்.

இந்த நேரத்தைக் குறைக்க இப்போது நரம்பு வலைப்பின்னல்களைப் பழக்குகிறார்கள். படம் பளபளவென்று வரும். பளபளப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பழக்கிய படங்களில் இருந்ததை, இந்த நோயாளியிடம் இல்லாதபோதும் வரைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. வந்த படத்திலிருந்து கதிர்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, உணரியில் உண்மையாக விழுந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்காத முறையை மருத்துவமனைக்குள் விடக் கூடாது என்பதே என் கருத்து.

கருவிப் பக்கமும் சும்மா இல்லை. பழைய உணரிகள் ஒரு குறுகிய நேரத்துக்குள் விழுந்த எல்லாப் போட்டான்களின் ஆற்றலையும் கூட்டி ஒரே தொகையாகக் கொடுக்கும். காட்மியம் டெல்லுரைடு போன்ற படிகத்தால் ஆன புதிய உணரிகள் ஒவ்வொரு போட்டானையும் தனித்தனியே எண்ணி, அதன் ஆற்றலைப் பார்த்து வெவ்வேறு கூடையில் போடும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் துகள் ஆராய்ச்சிக்காக வளர்ந்த மெடிபிக்ஸ் சில்லை வைத்து நியூசிலாந்தில் பட்லர் தந்தையும் மகனும் 2018இல் மனிதக் கை, கணுக்காலின் வண்ண முப்பரிமாணப் படங்களை வெளியிட்டார்கள். 2021 செப்டம்பரில் சீமென்ஸின் முழு உடல் போட்டான் எண்ணும் ஸ்கேனருக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. எண்ணுவதிலும் வம்பு உண்டு. சதுர மில்லிமீட்டரில் விநாடிக்குக் கோடிக்கணக்கில் போட்டான்கள் கொட்டும்போது இரண்டு சேர்ந்து ஒன்றாகப் பதியும், ஒன்று இரண்டு கட்டங்களில் சிதறி இரண்டாகப் பதியும். கூடை மாறிவிட்டால் பொருளும் மாறிவிடும்.

கூடைகள் கூடினால் இன்னொரு வசதி உண்டு. சில கனமான தனிமங்கள் ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் திடீரென்று தடுப்பைப் பல மடங்கு ஏற்றிக்கொள்ளும். அயோடினுக்கு அது 33 கிலோ எலக்ட்ரான்வோல்ட், கடோலினியத்துக்கு 50, தங்கத்துக்கு 81. அந்தப் படிக்கட்டின் இரு பக்கமும் கூடை வைத்தால் அந்தத் தனிமத்தைத் தனியாகப் பிடிக்கலாம்.

மருத்துவமனைக்குப் போகாதவர்களும் இந்த வித்தையைப் பார்த்திருப்பார்கள். கோவை விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும் திரையில் ஆரஞ்சு, பச்சை, நீலம் தெரியுமே, அதுவும் இரண்டு ஆற்றல் எக்ஸ் கதிர்தான். ஆரஞ்சு என்றால் அணு எண் குறைந்தவை, அதாவது துணி, பலகாரம், சர்க்கரை. நீலம் இரும்பு, செம்பு. நடுவே பச்சை. சர்க்கரைப் பொட்டலமும் உப்புப் பொட்டலமும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் திரையில் சர்க்கரை ஆரஞ்சாகவும் உப்பு பச்சையாகவும் வரும். உப்பில் குளோரின் இருப்பதால்.

உடலுக்குள் இதன் பயன் எங்கே? நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருந்தால் அயோடின் படத்தில் அந்தப் பகுதி இருட்டாகத் தெரியும். ஊசி போட்டு எடுத்த ஸ்கேனிலிருந்தே அயோடினைக் கழித்து, ஊசி போடாத படத்தைக் கணக்கில் உருவாக்கலாம். ஒரு ஸ்கேன் மிச்சம், அதன் கதிர்வீச்சும் மிச்சம். எலும்பிலிருந்து கால்சியத்தைக் கழித்தால் மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது தெரியும். கௌட் என்னும் மூட்டுவாதத்தில் மூட்டுக்குள் படியும் யூரேட் படிகங்கள் தனி நிறத்தில் மின்னும்.

கௌட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மென்பொருள் பெரும்பாலும் யூரேட்டுக்குப் பச்சை பூசும். கௌட்டே இல்லாதவரின் காலை ஸ்கேன் செய்தாலும் கால் நகத்திலும் குதிகாலின் தடித்த தோலிலும் பச்சை தெரிவது சகஜம். நகம் யூரேட் இல்லை. ஆனால் மென்பொருளுக்குத் தெரிந்தது சில பொருட்கள்தான். வந்ததை எல்லாம் அவற்றுக்குள் ஏதாவது ஒன்றில் போட்டாக வேண்டும். மூட்டையில் சுக்கு கலந்திருந்தாலும் நம் கணக்கு மிளகு இத்தனை, ஏலம் இத்தனை என்றுதானே சொல்லும்? அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டுக்கு இது தெரியும். பச்சையைப் பார்த்துப் பயந்து இணையத்தில் தேடும் நோயாளிக்குத் தெரியாது.

இந்தத் தொழில்நுட்பம் மிக நேரடியாகக் கைகொடுப்பது சிறுநீரகக் கல்லில். கால்சியம் ஆக்சலேட் கல்லும் யூரிக் அமிலக் கல்லும் சாதாரண ஸ்கேனில் இரண்டுமே வெள்ளைப் புள்ளிகள். யூரிக் அமிலத்தில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே, எல்லாம் லேசான அணுக்கள். ஆகவே 80இலும் 140இலும் அதன் எண் ஏறக்குறைய ஒன்றுதான், விகிதம் ஒன்றை ஒட்டி நிற்கும். கால்சியம் கல்லின் விகிதம் தெளிவாகக் கூடிவிடும். இதில் என்ன லாபம் என்றால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் கரையும், கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது. கத்தியா மருந்தா என்ற முடிவே அந்த விகிதத்தில் தொங்கலாம். ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் கல்லிலும் இரண்டும் கலந்த கல்லிலும் கணக்கு தடுமாறும். மூட்டைக் கணக்கில் பார்த்ததுபோல், சின்னப் பிசகும் விடையில் பெரிதாகிவிடும்.

கல் பிரச்சினை இருந்து ஸ்கேனுக்குப் போகிறவர்கள், அங்கே இரண்டு ஆற்றல் வசதி இருக்கிறதா, கல்லின் வகையை அறிக்கையில் எழுத முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரே ஆற்றலில் எடுத்த ஸ்கேனிலிருந்து பிறகு பொருட்படத்தை நம்பகமாக எடுக்க முடியாது. பிலிமோடு நிற்காமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் அச்சான சாம்பலை எந்தக் கணினியாலும் திரும்பப் பிரிக்க முடியாது. ஸ்கேன் என்ன சொன்னாலும் கல்லின் வகைக்குக் கடைசி வார்த்தை ஆய்வகத்தின் அகச்சிவப்புச் சோதனைதான். சிறுநீரை வடிகட்டிப் பாருங்கள். கல் வெளியே வந்தால் தூக்கிப் போடாமல் கழுவிக் காயவைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள்.